கால் நகப் பங்கசும் ஒளிச் சிகிச்சையும்

வயலில் இறங்கி வேலை செய்வோர் பலருக்குக் கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, நுனி மாவாக உதிர்வதை நாம் காண்கிறோம். வலி இல்லாதபடியால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அண்மையில் ஒரு தாய் எம்மிடம் வந்து, "கனடாவில இருக்கிற மகன் லேசர் ஒளி பிடிச்சால் சுகம் வருமாம், காசு அனுப்புறன் எண்டு சொல்லுறான். போகட்டோ?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

ஒளியால் நோய் தீர்ப்பது வெறும் கதையல்ல. டென்மார்க் நாட்டு வைத்தியர் பின்சன், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். நகப் பங்கசுக்கு இன்று இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, லேசர் கதிரின் சூட்டால் பங்கசை அழிக்க முயல்வது. மற்றது, மெதிலீன் நீலம் போன்ற சாயத்தை நகத்தில் ஊறவிட்டுச் சிவப்பு ஒளி பாய்ச்சுவது. ஒளி பட்டதும் சாயம் கிருமியைக் கொல்லும் ஒட்சிசனை உண்டாக்கும்.

ஆனால் பங்கசு குடியிருப்பது நகத்துக்கு அடியில். தடித்த நகத்தைத் தாண்டும்போது ஒளி வலு இழக்கிறது. பங்கசு சாகும் அளவுக்குச் சூட்டைக் கூட்டினால் விரல் தாங்காது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் இத்தகைய லேசருக்கு இடமளித்தபோது, "தெளிந்த நகம் தற்காலிகமாகக் கூடும்" என்ற அளவிலேயே அனுமதித்தது. சுகமாகும் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பல தடவை போகவேண்டும், ஒவ்வொரு தடவையும் காசு.

வெயிலில் காலை நீட்டியிருந்தால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். போதாது. செருப்பையும் சப்பாத்தையும் வெயிலில் காயவைப்பதுதான் பிரயோசனம்.

முதலில் அது பங்கசுதானா என்று அறியவேண்டும். தடித்த நகங்களில் ஏறக்குறைய பாதி வேறு காரணத்தால் வருபவை. நகச் சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தாயின் நகத்தில் பங்கசே இருக்கவில்லை. முன்னொருநாள் விறகுக்கட்டை விழுந்த காயம் அது. லேசருக்குக் கொடுத்திருந்தால் அவ்வளவும் வீண்காசு.

பங்கசு என்று உறுதியானால் வைத்தியர் பெரும்பாலும் டெர்பினபின் குளிசை தருவார். நாளுக்கு 250 மில்லிகிராம், 12 கிழமை. ஈரலில் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. அதனால் முதலில் இரத்தம் சோதிப்பார்கள். இந்தக் குளிசையும் எல்லாரையும் சுகப்படுத்துவதில்லை. ஆய்வில் பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கிருமி ஒழிந்தது. நகம் முற்றாகத் தெளிந்தது நான்கு பேருக்குத்தான். பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றரே வளரும். புது நகம் முழுதாக வர ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் செல்லும். இடையில் மனம் தளர்ந்து குளிசையை நிறுத்தவேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் "நகம்தானே" என்று விடக்கூடாது. நக ஓரத்தில் வரும் சிறு வெடிப்பே புண்ணாகிக் காலையே இழக்க வைக்கலாம். பிளேட்டால் தாமாகச் சீவாமல் உடனே ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். வீட்டில் ஒரே நகவெட்டியை எல்லாரும் பாவிப்பதையும் நிறுத்துங்கள்.