பின்சீட்டில் இருப்பவரும்தான் வண்டி ஓட்டுகிறார்

கியர் வைத்த பைக் ஓட்ட லைசென்ஸ் வேண்டும், அதற்கு 18 வயது ஆக வேண்டும். அதுவரை உங்களுக்குப் பின்சீட்டுதான். "நாம சும்மா உட்கார்ந்துதானே வர்றோம்" என்று நினைப்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பைக் 180 கிலோ, ஓட்டுகிற அப்பா 75 கிலோ, நீங்கள் 45 கிலோ. மொத்தம் 300. அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நீங்கள். அதுவும் சக்கரத்துக்கு மேலே உயரத்தில் உட்கார்ந்திருக்கிற பங்கு. எப்போது நெளியும், எப்போது திரும்பிப் பார்க்கும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாத பங்கு!

வீட்டாரும் நண்பர்களுமாக நாலைந்து வண்டிகளில் கிளம்ப எனக்குப் பிடித்த சாலை, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலை. அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கினால் மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பின்சீட்டுக்காரர்கள் எண்ணிக்கொண்டே வரலாம். தப்பாக எண்ணினாலும் சண்டை வராது, பலகையே நடுவர். வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயராம். குதிரையில் இந்த மலை ஏறியவனுக்கு எழுபது வளைவு தேவைப்பட்டிருக்காது. ரப்பர் டயரில் ஏறுகிற நமக்குத் தேவை.

முதல் வளைவு வந்ததும் வண்டி ஒரு பக்கம் சாயும். என் அண்ணன் மகள் முதல் தடவை என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சித்தப்பா, இப்படிச் சாய்ஞ்சா விழுந்துட மாட்டோமா?"

"சாயலைன்னாதாம்மா விழுவோம்" என்றேன்.

நம் உடம்பும் வண்டியும் எப்போதும் நேராகப் போகவே பார்க்கும். வளைவில் திருப்பும்போது, தரையைப் பிடித்திருக்கிற டயரைச் சாலையின் உராய்வு வளைவின் உட்பக்கமாக இழுக்கிறது. அடிப்பாகம் உள்ளே போகிறது, மேல்பாகம் நேரே போகத் துடிக்கிறது. அப்படியே விட்டால் வண்டி வெளிப்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே உள்ளே சாய்க்கிறோம். சாய்ந்த வண்டியைப் புவியீர்ப்பு உட்பக்கம் தள்ளப் பார்க்கும், திருப்பம் வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரி நிற்கிற ஒரு கோணம் இருக்கிறது. அந்தக் கோணத்தில் வண்டி விழாது.

எவ்வளவு சாய வேண்டும்? 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் சுமார் 14 டிகிரி போதும். அதே வளைவில் 36 கிலோமீட்டர் வேகம் என்றால்? இரண்டு மடங்கு 28 டிகிரி என்று சொல்லத் தோன்றும். இல்லை, 45 டிகிரி! வேகம் இரண்டு மடங்கானால் உள்ளே இழுக்க வேண்டிய விசை நான்கு மடங்காகிவிடும். அதனால்தான் வளைவில் "கொஞ்சம் வேகமா போங்க மாமா" என்று உசுப்பேற்றக் கூடாது. மணல் சிதறிய மலைச்சாலையில் நம் வண்டி 45 டிகிரி சாய்ந்தால் டயர் வழுக்கிவிடும். மோட்டோ ஜிபி பந்தயக்காரர்கள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறார்கள் என்றால், அந்த டயரும் அந்தத் தரையும் வேறு.

இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. ஒல்லிப் பையன் பின்னால் இருந்தாலும் பெரிய மாமா இருந்தாலும், வேகமும் வளைவும் ஒன்றென்றால் சாய்வும் ஒன்றுதான். ஆனால் ஒரு நிபந்தனை: பின்னால் இருப்பவர் வண்டியோடு சேர்ந்து சாய வேண்டும். பயந்துபோய் நீங்கள் மட்டும் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தால், வண்டியும் இரண்டு பேருமாகச் சேர்ந்த ஈர்ப்பு மையம் வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட ஓட்டுகிறவர் வண்டியை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்க்க வேண்டும். சாய்வுக்குப் பயந்தவரே சாய்வைக் கூட்டிவிடுகிறார்! இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வலப்பக்க வளைவில் ஓட்டுகிறவரின் வலது தோளுக்கு மேலாகப் பாருங்கள், இடப்பக்க வளைவில் இடது தோளுக்கு மேலாக. உடம்பு தானாகவே சரியான அளவுக்குச் சாய்ந்துகொள்ளும்.

சரி, சாய்வது எப்படித் தொடங்குகிறது? நம்ப முடியாத விஷயம் இதுதான். வண்டி ஓரளவு வேகத்தில் இருக்கும்போது வலது பக்கம் சாய வேண்டுமானால், ஹேண்டில்பாரை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இடது பக்கம் திருப்ப வேண்டும். ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில் நட்டு நிறுத்திப் பாருங்கள். கம்பு வலது பக்கம் சாய வேண்டுமென்றால் கை முதலில் இடது பக்கம் நகர வேண்டும். பைக்கிலும் அதே கதை. சக்கரம் இடது பக்கம் விலகும், மேல்பாகம் வலது பக்கம் சாயும், அதன் பிறகு சக்கரம் வலது பக்கம் திரும்பிச் சாய்வைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டுகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், ஆனால் கேட்டால் "இல்லையே" என்பார்கள். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களில் வில்பர் இதைக் கவனித்திருக்கிறார். சைக்கிள் ஓட்டுகிற பலரிடம் கேட்டும் பார்த்தார். முதலில் எதிர்ப்பக்கம் திருப்புகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லையாம்.

ஓடுகிற இருசக்கர வண்டி ஏன் விழாமல் நிற்கிறது என்பதற்கு, "சக்கரம் பம்பரம் மாதிரி சுற்றுகிறதே, அதனால்தான்" என்று பல புத்தகங்களில் ஒற்றை வரி இருக்கும். டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, அந்தப் பம்பர விளைவை ரத்து செய்ய எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு சக்கரத்தைச் சைக்கிளில் மாட்டினார். அப்போதும் அவரால் அதை ஓட்ட முடிந்தது. 1970இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த ஒரு வினோத வண்டி, பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கர அமைப்பின் வழக்கமான உதவியும் இல்லாமல், ஆள் இல்லாமலேயே விழாமல் ஓடியது. எனவே அந்த ஒற்றை வரியை யாராவது சொன்னால், "அது பாதி பதில்தான் சார்" என்று நீங்கள் பணிவாகச் சொல்லலாம்.

வழியில் உங்கள் ஹெல்மெட் ஓட்டுகிறவர் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். திடீரென்று பிரேக் பிடித்தாலோ, கியரை முரட்டுத்தனமாக மாற்றினாலோ வண்டியின் வேகம் குறையும். உங்கள் தலை மட்டும் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கும். நிலைமம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை லேசாக அழுத்தினால் 'டொக்' குறையும். எங்கள் கூட்டத்தில் குழந்தைகள் இந்தச் சத்தத்தை எண்ணி, மேலே போனதும் யார் நல்ல டிரைவர் என்று தீர்ப்பு சொல்வார்கள். பெரியவர்களுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

நண்பர்களோடு போகும்போது இடைவெளி முக்கியம். முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 10 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் வேலை செய்ய ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். வண்டியை ஒட்டிக்கொண்டு போய்ப் பேசும் சுவாரசியத்தை டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. 300 கிலோவை ஆயிரம் மீட்டர் கீழே இறக்கினால் சுமார் 30 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அத்தனையையும் பிரேக் ஒன்றே வாங்கிக்கொண்டால் டிஸ்க் கடுமையாகச் சூடாகும். பிரேக் ஆயிலே கொதித்துவிட்டால் பிரேக் பிடிப்பது தளர்ந்துவிடும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். சின்ன கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், இப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். எஞ்சின் முரண்டு பிடிக்கும், வண்டி மெதுவாகும், சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் காற்றில் கொட்டிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று யாராவது நியூட்ரலில் விட்டால், பின்சீட்டிலிருந்து தாராளமாகத் திட்டலாம்.

இறங்கக் கிளம்பும் முன் மலை உச்சியில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை இறுக்கி மூடிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் எடுத்துப் பார்த்தால் நசுங்கியிருக்கும். யாரும் மிதிக்கவில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மேலே அடைத்த காற்றைக் கீழே உள்ள காற்று அழுத்திவிட்டது. வழியில் உங்கள் காது அடைத்ததற்கும் காரணம் அதுவே. எச்சில் விழுங்கினால் காது திறந்துவிடும். பாட்டிலுக்கு அந்த வசதி இல்லை, மூடியை நீங்கள்தான் திறக்க வேண்டும்.