அருப்புக்கோட்டையை காலேஜ் பேர்ல படிக்கலாம்

2011 சென்சஸ்படி அருப்புக்கோட்டை மக்கள்தொகை சுமார் 87,700. ஆனா ஊர்ல யார் யார் இருக்காங்கன்னு தெரியணுமா? காலேஜ் பேரைப் பாருங்க.

தேவாங்கர் கலைக் கல்லூரி, வீட்ல கன்னடம் பேசுற நெசவாளர் சமூகத்தோடது. சைவபானு சத்திரிய கல்லூரி, வியாபாரத்துல வளர்ந்த நாடார்களோடது. இது வானம் பார்த்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்ப முடியாது. அதனால தறியிலயும் கடையிலயும் சேர்ந்த காசு வகுப்பறையாச்சு. இன்னைக்கு அதே பெஞ்சுல, திருச்சுழி பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து பஸ் ஏறி வர்ற முதல் தலைமுறைப் பிள்ளைங்களும் உட்காருறாங்க.

எங்க வீட்டுலயும் தறி இருந்துச்சு. பாட்டி கன்னடத்துல கேட்பாங்க, நான் தமிழ்ல பதில் சொல்வேன். படிப்பு வந்துச்சு, பேச்சு போயிடுச்சு. அடுத்த சென்சஸ்ல 'தாய்மொழி என்ன?'ன்னு கேட்டா, நான் எதைச் சொல்றது?