ஒரு சுண்டெலி, இரண்டு படங்கள்

கடைத் தராசின் எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அதில் அரசு முத்திரை பொறித்திருக்கும். அந்த முத்திரை இருப்பதால்தான் ஓர் ஊரில் வாங்கும் ஒரு கிலோ பருப்பும் அடுத்த ஊரில் வாங்கும் ஒரு கிலோ பருப்பும் சமமாக இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் படங்களுக்கும் இப்படி ஒரு முத்திரை வேண்டும். 'படத்தை எடை போடவா முடியும்?' என்று கேட்பீர்கள். வாருங்கள், பார்ப்போம்.

புதிய புற்றுநோய் மருந்துகளை மனிதருக்குக் கொடுக்குமுன் வெள்ளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம்தான். உடலுக்குள் இருக்கும் கட்டி கரைகிறதா என்று அறிய, முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று பார்க்க வேண்டியிருந்தது. 'பெட்' என்னும் படக்கருவி வந்த பிறகு, ஒரே எலியை உயிரோடு வாரந்தோறும் பார்க்க முடிகிறது.

இக்கருவி எப்படி வேலை செய்கிறது? கதிரியக்கமுள்ள ஃபுளூரின்-18 சேர்த்த சர்க்கரை போன்ற ஒரு பொருளை எலிக்கு ஊசி மூலம் செலுத்துகிறார்கள். பசி மிகுந்த புற்றுநோய்ச் செல்கள் அதை நிறைய இழுத்துக்கொள்கின்றன. ஃபுளூரின் அணு சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான், ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து மறைகிறது. அப்போது இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. எலியைச் சுற்றி வளையமாக உள்ள உணர்விகள் அவற்றைப் பிடிக்க, கணிப்பொறி படத்தை வரைகிறது. ஆகவே இந்தப் படம் உண்மையில் ஓர் எண் அட்டவணை. மருந்து பலித்தால் கட்டியின் எண் குறைய வேண்டும்.

ஒரே மருந்தை இரண்டு ஆய்வுக்கூடங்கள் சோதிப்பதாகக் கொள்வோம். ஒன்றில் எண் குறைகிறது; மற்றொன்றில் குறையவில்லை. தவறு மருந்திலா, அளவிலா? இது தெரியாவிட்டால் நல்ல மருந்து குப்பைக்குப் போகலாம். உதவாத மருந்து நோயாளியிடம் போகலாம். எலிகளின் உயிரும் வீணே.

முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும். இதற்கான விதிகளை அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கம் 2008-இல் 'என்.யு. 4' என்ற பெயரில் வெளியிட்டது. இதில் ஒரு 'போலி எலி' உண்டு. 6 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுள்ள பிளாஸ்டிக் உருளை அது. அதனுள் 1, 2, 3, 4, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஐந்து துளைகள். எல்லாவற்றிலும் ஒரே கதிரியக்கக் கரைசல்தான் இருக்கும். ஆனாலும் 1 மில்லிமீட்டர் துளை படத்தில் மங்கலாகவே தெரியும். எவ்வளவு மங்கல் என்பதை அளந்தால், ஒரு கருவியை மற்றொன்றோடு ஒப்பிடலாம்.

அடுத்தது கடிகாரம். ஃபுளூரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். மருந்தை அளக்கும் அறையின் கடிகாரமும் படக்கருவியின் கடிகாரமும் 10 நிமிடம் மாறுபட்டால், விடையில் ஏறக்குறைய 6 விழுக்காடு பிழை புகுந்துவிடும்!

கருவியும் கடிகாரமும் சரியாக இருந்தாலும், எலி மாறலாமே! நமக்கு இதமான அறை, சுண்டெலிக்குக் குளிர். சுமார் 30 டிகிரி செல்சியஸ்தான் அதற்குச் சுகம். குளிரும்போது அதன் தோள்களுக்கு இடையே உள்ள பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை எரித்துச் சூடு தருகிறது. படத்தில் அந்த இடம் கட்டியைப் போலவே பளிச்சிடும். வயிறு நிறையத் தின்ற எலியாக இருந்தாலோ, இரத்தத்தில் உள்ள சர்க்கரை ஊசிப் பொருளோடு போட்டியிடும். எலியைச் சூடாக வைப்பதும், முன்கூட்டியே பட்டினி போடுவதும், மயக்க மருந்து கொடுப்பதும் படத்தைப் பெரிதும் மாற்றிவிடுகின்றன என்று லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள்.

எனவே, படத்தோடு அறையின் வெப்பநிலை, பட்டினி கிடந்த நேரம், மயக்க மருந்தின் பெயர், ஊசி போட்ட நிமிடம், படம் எடுத்த நிமிடம் ஆகியவற்றையும் எழுதிவைக்க வேண்டும். எல்லா ஆய்வுக்கூடங்களும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். எடைக்கல்லின் முத்திரை போன்றது இதுதான்.

நீங்களும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒன்றை அளக்கும்போது, விடையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் குறிப்பைப் படித்து, வேறு ஊரில் உள்ள ஒரு மாணவனும் அதே விடையைப் பெற வேண்டும்.