சொல்லின் நடுவே ஒரு துறைமுகம்

உயர்தரம் படிக்கும் மகள் போன கிழமை ஓர் ஆங்கிலச் சொல்லோடு வந்தாள்: ‘ஒப்பர்டியூன்’.

“ஒப்பர்டியூனிட்டி எண்டால் வாய்ப்பு எண்டு தெரியும் அப்பா. இது என்ன?”

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஒப்பர்டியூனிட்டி என்பது கிடைக்கும் வாய்ப்பு. ஒப்பர்டியூன் என்பது ஒரு காரியத்துக்குத் தோதான வேளையை, அல்லது தக்க வேளையில் வந்து சேர்ந்ததைக் குறிக்கும் சொல். மழைக்கு முன் கூரை வேய்ந்தால் அது ஒப்பர்டியூன். செத்தவீட்டில் கடனைத் திருப்பிக் கேட்டால் ‘இன்ஒப்பர்டியூன்’.

இதன் வேர் லத்தீனில் உள்ளது. ‘ஒப்’ என்றால் நோக்கி. ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம். கப்பலைத் துறைமுகம் நோக்கிக் கொண்டுசெல்லும் காற்றிலிருந்தே இந்தச் சொல் வந்தது என்கின்றன அகராதிகள். நல்ல வேளை என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது.

இதை விளக்கும்போது என் அப்பாவின் நினைவு வந்தது. நாங்கள் மயிலிட்டி. எங்கள் வடக்குக் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசும். வாடை கடலிலிருந்து கரைக்கு வீசும். காற்றைப் பார்த்துத்தான் தொழில். 1990 ஜூனில் இடம்பெயர்ந்தோம். ஊரும் துறைமுகமும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. கடலுக்குப் போக விட்ட நாட்களில் அப்பா பருத்தித்துறைக் கரையில் கூலிக்குத் தொழில் செய்தார். வாடை வீசிய ஒரு பின்னேரம் சொன்னார்: “காத்து ஊர்ப்பக்கம்தான் அடிக்குது. போய் அடையத் துறை எங்க கிடக்கு?”

காற்று இருந்தால் மட்டும் போதாது, அடைய ஒரு துறையும் வேண்டும் என்பதை அவர் அகராதி பார்க்காமலே அறிந்திருந்தார்.

27 ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். துறை இருந்தது; வலை இழுக்க அவர் கையில் பலம் இருக்கவில்லை. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னமும் உள்ளன.

“அப்பப்பாவுக்கு 2017 ஒப்பர்டியூனா, இன்ஒப்பர்டியூனா?” என்று கேட்டாள் மகள்.

“துறை கிடைச்சது நல்லது பிள்ளை. அவருக்கு அது பிந்திப் போச்சு. பின்னால வாற பிள்ளையளுக்கு ஒப்பர்டியூன் ஆகலாம்” என்றேன்.

எழுத்துக்கூட்டலை மறக்காமலிருக்க ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தேன். ‘பி’ இரண்டு வரும். இரண்டாவது ‘பி’யிலிருந்து நான்கு எழுத்துகளை எண்ணிப் பார்த்தால், துறைமுகம் என்று பொருள்படும் ‘போர்ட்’ அங்கே அப்படியே இருக்கும்.