வளைந்துபோன பித்தளை வட்டம்

திப்பு சுல்தான் வீழ்ந்த கையோடு, வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் அரசுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை தீபகற்பத்தை முக்கோணம் முக்கோணமாக அளப்பது. அப்படியே பூமிப்பந்தின் வடிவத்தையும் கணக்கிடுவது. ஆட்சிக்குழுவில் கணக்கு வழக்கு பார்த்த உறுப்பினர் ஒருவருக்கு இது வெட்டிச் செலவாகப் பட்டது. சீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் சொன்னால் போதும், அவர்களே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், இதற்கு வரைபடம் எதற்கு என்று கேட்டாராம்.

பல்லக்கில் போகிறவருக்கு அந்தப் பதில் சரிதான். நாட்டைப் பிடித்து வரி வசூலிக்க வந்தவர்களுக்குப் போதாது. அதுவரை இருந்த சிறந்த வரைபடங்கள் ஜேம்ஸ் ரென்னல் தொகுத்தவை. சக்கரம் உருட்டி அளந்த சாலைத் தூரங்களையும், நட்சத்திரம் பார்த்துக் குறித்த அட்சரேகைகளையும் கோத்துச் செய்தவை. லாம்டன் அளந்து முடித்தபோது சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று நம்பியிருந்த தூரம் 360 மைலாகச் சுருங்கியது. 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது!

முக்கோண அளவையின் சூட்சுமம் பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆறு, காடு, மலை எதையும் சங்கிலி போட்டுத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் முதல் கோடு பிசகினால் கடைசி முக்கோணம் வரை பிசகும்.

அந்த முதல் கோடு 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கியது. தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல். அளந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதற்கே ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாக இங்கிலாந்திலிருந்து போய், அங்கே சீந்துவாரில்லாமல் இந்தியா வந்து சேர்ந்தது. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பது லாம்டனுக்குத் தெரியும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 100 அடிச் சங்கிலி சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அற்பம்தான். ஆனால் ஏழரை மைலுக்குச் சங்கிலியை 400 தடவை போட வேண்டும். பிழை ஏறக்குறைய 1.4 மீட்டர் ஆகிவிடும். அந்தக் கோட்டை நம்பி 2,400 கிலோமீட்டர் போனால் 280 மீட்டர் தவறிவிடும். அதனால் முக்காலிகள் மேல் வரிசையாக மரப்பெட்டிகளை வைத்து, சங்கிலியை அவற்றுக்குள் நிழலில் படுக்கவைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பமானி வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக் கணக்கில் திருத்தினார்கள்.

அடுத்து கோணம். இதற்காக லண்டனில் வில்லியம் கேரி செய்த தியோடலைட் வந்தது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது ஆயுதமல்ல, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகக் கடிதம் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். போர்க்காலத்திலும் இப்படிச் சில நாகரிகங்கள் இருந்திருக்கின்றன.

கருவியின் எடை அரை டன்; தூக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். அதன் உயிர், படுக்கைவாட்டில் இருக்கும் மூன்றடி விட்டமுள்ள பித்தளை வட்டம். விளிம்பு முழுக்க நுண்ணிய கோடுகள். மேலே உள்ள தொலைநோக்கியைத் தூரத்துக் கொடி ஒன்றுக்கு நேராகத் திருப்பி, வட்டத்தின் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நுண்நோக்கியால் படிக்க வேண்டும். பிறகு அடுத்த கொடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கோணம். ஏன் இத்தனை பெரிய வட்டம்? ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு விகலை. 50 கிலோமீட்டர் தொலைவில் ஒரு விகலைத் தவறு என்பது கால் மீட்டர் தவறு. இந்த மூன்றடி வட்டத்திலேயே ஒரு விகலைக்குரிய இடம் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான். சிறிய வட்டமாக இருந்தால் படிப்பது இன்னும் கடினம்.

காவிரிப் படுகைக்கு வந்ததும் சிக்கல் முளைத்தது. எங்கு பார்த்தாலும் வயலும் தோப்பும். ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடையாது. உயரமானவை கோயில் கோபுரங்களே. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்குத் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் பாரம் ஊசலாடிப் போய்க் கல்லில் மோதியது. பெட்டிக்குள் இருந்தும் வட்டம் நெளிந்துவிட்டது.

வேறொருவர் என்றால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் கருவியைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பாகம் பாகமாகக் கழற்றினார். பெரிய பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து, நெளிந்த பித்தளையை அதன்மேல் கிடத்தினார். ஆப்பு, திருகு, கப்பி, மரச் சுத்தியல், இவ்வளவுதான் ஆயுதம். தட்டித் தட்டி, இழுத்து இழுத்து, பலகையில் வரைந்த கோட்டோடு விளிம்பு பொருந்தும்வரை ஆறு வாரம் உழைத்தார். அதன்பின் அதே கருவியோடு வேலை தொடர்ந்தது. அளவையின் வரலாற்றில் இமயத்தை அளந்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். திருச்சியின் இந்த ஆறு வாரம் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

கருவி மட்டும் அடிபடவில்லை. மழை தூசியைக் கழுவிய பிறகுதான் தொலைவு தெளிவாகத் தெரியும். காடுகளில் காய்ச்சல் பரவுவதும் அதே பருவத்தில்தான். ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். 1823-இல் லாம்டன் பணியிலேயே, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட்டும் காய்ச்சலில் நொந்தவரே. குமரிமுனையிலிருந்து இமய அடிவாரம் வரை முக்கோண வரிசையைக் கொண்டு சேர்த்துவிட்டு 1843-இல் ஓய்வுபெற்றார். அந்த வலைப்பின்னலை நம்பித்தான் ராதாநாத் சிக்தார் 15-ஆம் எண் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 1856-இல் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. எவரெஸ்ட் பெயர் அந்தச் சிகரத்துக்குப் போனது. லாம்டனை எந்த மலையும் ஏற்கவில்லை.

எவரெஸ்ட் காலத்தில் பழைய தியோடலைட் தேய்ந்துபோயிருந்தது. லண்டனிலிருந்து வந்த ஹென்றி பாரோ கல்கத்தாவில் அதைப் பிரித்துச் சீரமைத்தார். பாரோவுக்குப் பிறகு அளவைத் துறையின் கருவிகள் சையத் மீர் மோசின் உசேனின் பொறுப்புக்கு வந்தன. அவர் ஆர்க்காட்டுக்காரர். கருவி வேலையில் அவருக்கு இருந்த கைத்திறனைக் கண்டு, அந்தப் பதவிக்கு அவரையே பரிந்துரைத்தவர், யாரையும் எளிதில் பாராட்டாத எவரெஸ்ட். கேரி செய்த அந்தத் தியோடலைட் இன்று டேராடூனில், இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது.