இறுகப் பிடித்தால் குறி தவறும்!

திருவிழாக் கூட்டத்தில் பலூன் சுடும் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலகையில் வரிசையாகப் பலூன்கள். சற்றுத் தள்ளி ஒரு காற்றுத் துப்பாக்கி. நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது அத்தகைய கடை ஒன்றில் பத்து முறை சுட்டேன். துப்பாக்கி அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தோளோடு சேர்த்து இறுகப் பிடித்திருந்தேன். உடைந்தவை இரண்டே பலூன்கள்! கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஏன் அதோட கழுத்தை நெரிக்கிறீங்க? சும்மா கையிலே தாங்கிக்கோங்க" என்றார். அவர் சொன்னபடி செய்தேன். அடுத்த ஐந்தில் நான்கு பலூன்கள் வெடித்தன.

கெட்டியாகப் பிடித்தால் தவறுகிறது. தளர்த்திப் பிடித்தால் படுகிறது. இது விந்தையாக இல்லையா? இதற்கு விடை உங்கள் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் துப்பாக்கியின் உள்ளே பார்ப்போம். அதில் வெடிமருந்து கிடையாது. குழலுக்குப் பின்னால் ஓர் உருளை. அதனுள் ஒரு பிஸ்டன். பிஸ்டனுக்குப் பின்னால் வலிமையான சுருள்வில். துப்பாக்கியை மடக்கும்போது நாம் செய்யும் வேலை, சுருக்கப்பட்ட வில்லில் நிலையாற்றலாகச் சேர்கிறது. டிரிக்கரை அழுத்தினால் வில் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. உருளையிலுள்ள காற்று நெருக்கப்பட்டு, அழுத்தம் ஏறி, குழலின் வாயிலில் இருக்கும் ஈய ரவையை உந்தித் தள்ளுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். டிரிக்கரை அழுத்திய உடனே ரவை கிளம்பிவிடுவதில்லை. காற்றின் அழுத்தம் மிகுதியாவது பிஸ்டன் தன் ஓட்டத்தின் முடிவை நெருங்கும்போதுதான். ஆகவே ரவை புறப்படும் முன்பே பிஸ்டன் பெரும்பகுதித் தொலைவைக் கடந்துவிடுகிறது. அதற்குள் துப்பாக்கிக்கு என்ன நேர்கிறது?

உந்த அழிவின்மை விதியை நினைவுகூருங்கள். பிஸ்டன் முன்னே சென்றால் துப்பாக்கி பின்னே வந்தாக வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். துப்பாக்கியின் மொத்த நிறை 3 கிலோகிராம். அதில் பிஸ்டனும் வில்லின் நகரும் பகுதியும் 300 கிராம். பிஸ்டன் உருளைக்குள் ஓடும் தொலைவு 80 மி.மீ. என்று கொள்வோம். நகரும் நிறை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே தடையின்றி இருக்கும் துப்பாக்கி 8 மி.மீ. பின்னே நகரும். பின்னர் பிஸ்டன், நெருக்குண்ட காற்று மெத்தையில் மோதி நிற்கிறது. பின்னே வந்துகொண்டிருந்த துப்பாக்கி சட்டென்று முன்னே குலுங்குகிறது. இவ்வளவும் வினாடியில் நூறில் ஒரு பங்கு அளவில் நடந்துவிடுகிறது. அரை கிராம் ரவையினால் வரும் உதைப்பு இதன் முன் மிகச் சிறியது. குழப்பம் செய்வது ரவையைப் போல் 600 மடங்கு நிறையுள்ள பிஸ்டன்தான்!

இதைக் காணத் துப்பாக்கி தேவையில்லை. மேசைமேல் நான்கு உருண்டைப் பென்சில்களைப் பரப்பி, அவற்றின்மேல் ஒரு மெல்லிய அட்டைப் பலகையை வையுங்கள். பலகையின் ஒரு நுனியில் சிறு தடுப்பு ஒன்றை ஒட்டுங்கள். சாவி கொடுத்த பொம்மைக் காரை மறு நுனியிலிருந்து தடுப்பை நோக்கி ஓடவிடுங்கள். கார் முன்னே ஓட, பலகை பின்னே நகரும். கார் தடுப்பில் மோதியதும் பலகை குலுங்கும். கார்தான் பிஸ்டன், பலகைதான் துப்பாக்கி.

ஆக, ரவை குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி ஆடுகிறது. இந்த ஆட்டத்தை நம் கைப்பலத்தால் நிறுத்த முடியாது. இறுகப் பிடித்தால் தசைகளின் இழுப்பும் நடுக்கமும் அதனுடன் சேர்கின்றன. அந்த இறுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை, அடிக்கட்டையைவிட 1 மி.மீ. கூடுதலாக உயர்ந்தால் போதும். 10 மீட்டர் தொலைவில் ரவை 10 மி.மீ. மேலே படும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ.; வளையங்களுக்கு இடைவெளி 2.5 மி.மீ. அப்படியானால் நீங்கள் நான்கு வளையம் தள்ளிப் போய்விட்டீர்கள்!

ஆட்டத்தைத் தடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடச் செய்யலாம். சக்கரம் பூட்டிய பீரங்கி சுட்டதும் தன் போக்கில் பின்னே உருள்வதைப்போல, துப்பாக்கியையும் அதன் போக்கில் விடவேண்டும். திறந்த உள்ளங்கையில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், துப்பாக்கியைத் தாங்குங்கள். முன்கை விரல்களால் பற்றாதீர்கள். தோளில் மெல்லச் சாய்த்தால் போதும். சுவரின்மீதோ செங்கல்லின்மீதோ நேரடியாக வைத்துச் சுட்டால் துப்பாக்கி துள்ளும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, டிரிக்கரை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்துங்கள். ரவை இலக்கில் படும்வரை அசையாதீர்கள். குலுங்கிக் குலுங்கித் திருகாணிகள் தளர்ந்திருக்கும். அவற்றையும் அவ்வப்போது பாருங்கள்.

பொறியியலாளர்களும் இந்தச் சிக்கலுடன் மல்லாடியிருக்கிறார்கள். 1960களில் ஜெர்மனியில் செய்த சில போட்டித் துப்பாக்கிகளில், குழலும் உருளையும் அடிக்கட்டையின்மேல் தண்டவாளத்தில் போல வழுக்கிச் செல்லும். வேறு சிலவற்றில் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன் உந்தத்தை மற்றொன்று ஈடுசெய்யும். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இப்போட்டியில்தான். இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் காற்றை முன்னதாகவே கலத்தில் அடைத்துக்கொள்கிறார்கள். சுருள்வில்லும் இல்லை, கனத்த பிஸ்டனும் இல்லை, குலுக்கலும் இல்லை.

இதில் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பாடம் உண்டு. வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் செல்லும் ரவை 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.06 வினாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பினால் அது சுமார் 1.8 செ.மீ. கீழே இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் இறங்கும். இது முறையான பிழை. குறிகாட்டியைத் திருத்தி இதைப் போக்கிவிடலாம். கை இறுக்கத்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறுவது ஒழுங்கற்ற பிழை. எந்தத் திருகாணியைத் திருகினாலும் இது போகாது. ஐந்து ரவைகள் நடுவில் படாவிட்டாலும் ஒரே இடத்தில் கூடிப் பட்டால் மகிழுங்கள்; பாதி வெற்றி கிட்டிவிட்டது.

ஒன்றை மறவாதீர்கள். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று; அதன் ரவை கண்ணைப் பறித்துவிடும். பயிற்சியாளர் இருக்கும் சுடுதளத்தில் மட்டுமே, கண்ணாடி அணிந்து, அட்டை இலக்கை நோக்கியே சுடவேண்டும். பறவைகளும் அணில்களும் இலக்குகள் அல்ல.

அடுத்த முறை ஊசல் பரிசோதனையில் அலைவு நேரம் ஒவ்வொரு தடவையும் வேறுபட்டு வந்தால், நிறுத்துக் கடிகாரத்தைக் குறை கூறும் முன், அந்தக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே போலத்தான் செய்தோமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.