9,000 லூமன்ஸ் புரொஜெக்டர் சில ஆயிரம் ரூபாய்க்கா? ஆர்டர் போடும் முன் இதைப் படிங்க!

ஐ.பி.எல் சீசனோ, கோடை விடுமுறையோ வந்துவிட்டால் போதும்... ஆன்லைன் தளங்களைத் திறந்தாலே குட்டி புரொஜெக்டர் விளம்பரங்கள்தான். '9,000 லூமன்ஸ், 4கே சப்போர்ட், 200 அங்குலத் திரை' என்று அடுக்குவார்கள். விலையோ சில ஆயிரங்கள். ஆசையாக வாங்கி, குடும்பமே உட்கார்ந்து மேட்ச் போட்டால் பந்து எங்கே போகிறதென்றே தெரியாது. டியூப்லைட்டை அணைத்தால்தான் படமே தெரியும், அதுவும் மங்கலாக. ஏன் இப்படி?

முதலில் லூமன்ஸ். ஒரு விளக்கு மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவு இது. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி பல்பின் அட்டையைப் பாருங்கள், சுமார் 900 லூமன்ஸ் என்றிருக்கும். அப்படியென்றால் 9,000 லூமன்ஸ் என்பது பத்து பல்புகளின் வெளிச்சம். 60 வாட்டில் ஓடும் கையடக்கப் பெட்டியிலிருந்து அது வர வழியே இல்லை.

இருக்கும் வெளிச்சமும் முழுதாகச் சுவருக்கு வராது. விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு எல்.இ.டி விளக்கும், அதன் முன்னால் ஒரே ஒரு எல்.சி.டி பேனலும்தான். அந்த பேனலின் போலரைசரில் நுழையும்போதே பாதி வெளிச்சம் காலி. அடுத்து சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிக்கும் கலர் ஃபில்டர், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். கடைசியில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. அட்டைப்பெட்டியில் அச்சிடுவதோ, நல்ல நாளிலேயே விளக்கின் கணக்கு. மற்ற நாள்களில் வெறும் கற்பனை!

எனவே, 'ஏ.என்.எஸ்.ஐ லூமன்ஸ்' அல்லது 'ஐ.எஸ்.ஓ லூமன்ஸ்' எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளைப் படத்தைத் திரையில் போட்டு, அதை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுத்து, திரையின் பரப்பால் பெருக்கிச் சொல்லும் கணக்கு இது. நன்றாக இருட்டடித்த அறைக்கு 300 முதல் 500 வரை ஓரளவு போதும். விளக்கு எரியும் ஹாலில் பார்க்க 2,500-க்கு மேல் வேண்டும்.

இருட்டு ஏன் அவசியம்? புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீசவே முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. அறையில் லைட் எரிந்தால், ஹீரோவின் கறுப்புச் சட்டை உங்கள் வெள்ளைச் சுவரின் நிறத்தில்தான் தெரியும். படத்தின் மூலைவிட்ட அளவை இரட்டிப்பாக்கினால், அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவி இன்னும் வெளிறும். 200 அங்குல ஆசையை விடுங்கள்.

'4கே சப்போர்ட்' என்பது 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே. காட்டுவது எத்தனை பிக்சல் என்பதை 'நேட்டிவ் ரெசல்யூஷன்' சொல்லும். முழு எச்.டி-க்கு அது 1920×1080 ஆக இருக்க வேண்டும்.

கொஞ்சம் கூடுதல் விலையில் இரண்டு தொழில்நுட்பங்கள் போட்டிபோடுகின்றன. 3எல்.சி.டி வகையில் வெள்ளை ஒளியை மூன்று நிறங்களாகப் பிரித்து, மூன்று பேனல்கள் வழியே அனுப்பி, பட்டகத்தில் சேர்ப்பார்கள். டி.எல்.பி-யில் இருப்பது கண்ணாடி வித்தை. விரல் நகம் அளவு சிப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து சாய்ந்து படத்தை உருவாக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்த சிப் இது. டிஜிட்டல் சினிமாவையே மாற்றியதற்காக 2015-ல் அவருக்கு ஆஸ்கர் சிலையும் கிடைத்தது. ஒற்றைச் சிப் டி.எல்.பி-யில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், சிலர் கண்ணுக்கு மட்டும் வானவில் கீற்றுகள் தெரியும். வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விளக்கில், பழைய பாதரச லேம்ப்புகளை சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டும். எல்.இ.டி, லேசர் நீண்டகாலம் உழைக்கும். குழந்தைகள் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காமல் கவனியுங்கள்.

கடைசியாக, டேப் எடுத்து அறையை அளங்கள். லென்ஸிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது 'த்ரோ ரேஷியோ'. 100 அங்குலப் படத்தின் அகலம் ஏழேகால் அடி. ரேஷியோ 1.2 என்றால் லென்ஸ் எட்டே முக்கால் அடி தள்ளி இருக்க வேண்டும். எட்டு அடிதான் இடமிருக்கிறது என்றால், 90 அங்குலத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.